பிக்கப் வண்டியில் நிற்காத குளிர்

காலடிப்பேட்டை,
3-6-1973

அன்பு மகள் ஐரீனுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் தயவில் அம்மாவும் நானும் இங்கே ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். ஆசன்சோலில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஜெபம். அம்மாவுக்கு மூட்டுவலி விடவில்லை, காலைப் பூசையை அவளும் விடவில்லை. பதில் தாமதமானதற்குக் கோபப்படாதே, எனக்கு உடம்பும் மனசும் ஓய்ந்துபோய்விட்டது.

எண்ணூரில் எங்கள் கம்பெனிக்கு வெள்ளைக்கார இன்ஜினீயர்கள் விட்டுப்போன ஏ.சி. வைத்த பழைய பிக்கப், நம் ரஷீது ஓட்டுவானே, அதில்தான் தொல்லை. ஏ.சி.க்குக் குளிரூட்டும் கேஸ் அடைத்தால் இரண்டொரு நாள் குளிரும், பிறகு அனல் காற்றுதான். மறுபடி அடைத்தாலும் அதே கதி. மேனேஜர் யோசித்துப் பார்த்து, கேஸ் சிலிண்டர் ரஷீது பொறுப்பில் இருப்பதால் அவன்தான் வெளியில் விற்கிறான் என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்திவிட்டார். அவன் நான் ரிப்பேர் வேலை பார்க்கும் கம்பெனி கராஜுக்கு வந்து, "அண்ணே, தெருவே என்னிய திருடன்னு பேசிக்கினு கீது, வூட்ல தாஹிரா மூஞ்சிய பாக்க முடியல" என்று அழுதான். இத்தனை வருஷம் கூட வேலை செய்தவன், எனக்குச் சோறு இறங்கவில்லை.

வண்டியை நான் கேட்டு வாங்கினேன். பெல்ட் சரியாக இருந்தது, கம்ப்ரஸரும் ஓடியது. குழாய் இணைப்பெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், ஒரு குமிழிகூட வரவில்லை. எனக்கே ரஷீது மேல் சந்தேகம் வந்துவிட்டது மகளே, அதை யாரிடமும் சொல்லவில்லை. பிறகு வண்ணாரப்பேட்டையில் பிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவரிடம் கசிவு பார்க்கும் விளக்கை இரவல் வாங்கி வந்தேன். கேஸ் பட்டால் அதன் நீலச்சுடர் பச்சையாகும். இன்ஜினை ஓடவிட்டு, வண்டி அதிரும்போதே குழாய் நெடுகக் காட்டினேன். முன்பக்கம் குழாயைப் பிடித்திருக்கும் பட்டைக்கு அடியில் சுடர் பச்சையானது. அந்தப் புகையில் தொண்டை எரிந்தது, ஆனாலும் விளக்கை எடுக்க மனசு வரவில்லை. உப்புக் காற்றில் துருப்பிடித்த பட்டை உராய்ந்து உராய்ந்து, குழாயில் மயிரிழை வெடிப்பு. வண்டி நின்றால் மூடிக்கொள்கிறது, ஓடினால் திறக்கிறது.

மேனேஜரைக் கூட்டி வந்து காட்டினேன். சரி, நாளைக்கு அவனை வேலைக்கு வரச்சொல் என்றார், அவ்வளவுதான். ரஷீதிடம் நீங்களே வருத்தம் தெரிவித்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் சார் என்றேன். கேட்காதவர்போலப் போய்விட்டார். அன்று சாயந்தரம் நானே தண்டையார்பேட்டைக்குப் போனேன். ரஷீது வீட்டு வாசலில் நின்று, கேஸை யாரும் விற்கவில்லை, குழாய்தான் வெடித்திருந்தது, என் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன். அவன் மனைவி தாஹிரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்து, "அண்ணே, இன்னொரு தபா சத்தமா சொல்லுங்க, எதிர் வூட்டுக்கும் கேக்கட்டும்" என்றாள். தெருவைப் பார்த்துத் திரும்பி நின்று, மறுபடி சொன்னேன்.

குழந்தைக்கு அம்மை ஊசி போட மறக்காதே. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அப்பா,
கஸ்பார்