எலிஃபெத் திரும்பி வந்தது

மயாமி, செப்டம்பர் 1990

அன்பு மகன் ஃப்ரிட்ஸ்னருக்கு,

ஆண்டவர் தயவில் நானும் உன் தங்கச்சியும் சுகம், என் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முந்தியே மழையைச் சொல்லிவிடுகிறது. மொன்றியாலில் குளிர் ஆரம்பித்திருக்கும், டாக்சிக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிடாதே, எங்காவது இறங்கிச் சூடாகச் சாப்பிடு. பின்னறையில் குடியிருக்கும் எலிஃபெத் ஓடிப்போய்விட்டார் என்று உன் தங்கச்சி போனில் உளறிவிட்டாளாமே, நடந்ததை நானே எழுதுகிறேன்.

ஏப்ரலில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஆள் வந்தபோது நான் கதவைப் பாதி திறந்து, நானும் என் மகளும்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பின்னறையில் வாடகைக்கு இருக்கும் மூன்று பேரையும் சொன்னால் வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்வான், அவர்களில் இரண்டு பேருக்குக் இந்த நாட்டில் தங்குவதற்கான காகிதமும் இல்லை. தெரு முழுக்க இப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். ஜூனில் யோலெத் என்று ஒரு பெண் வந்தாள், படித்தவள், கடலுக்கு அப்பால் நாம் விட்டுவந்த ஜெரெமி ஊர்க்காரி. எங்கள் தெருவில் அரசாங்கக் கணக்கில் யார் யார் விட்டுப்போனார்கள், ஏன் விட்டுப்போனார்கள் என்று கூடவே குடியிருந்து பார்ப்பதுதான் அவள் வேலையாம். சலவைக்கடையில் பெண்கள் அவள் காதுபடவே, “பேச்சு மட்டும்தான் நம்ம ஊரு, இவ உளவு பாக்க வந்தவ” என்றார்கள். அவளோ, “உளவுக்காரிக்கு இவ்வளவு அழுக்குத்துணி சேருமா அக்கா?” என்று கேட்டுச் சிரிக்கவைத்துவிட்டாள். ஆகஸ்டில் நானே அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, வறுத்த வாழைக்காய் கொடுத்து, பின்னறைக்காரர்களைப் பற்றிச் சொல்லிவிட்டேன். யார் பெயரும் வெளியே போகாது, மாற்றுப்பெயர்தான் எழுதுவேன் என்றாள்.

எலிஃபெத் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். விடிந்து பார்த்தால் பையும் இல்லை, ஆளும் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் யோலெத்தின் அறைக்கே போய், “உன் படிப்புக்கு ஒரு மனுஷனைத் துரத்திட்டியேடி” என்று கத்தினேன். அவள் கார் சாவியை எடுத்துக்கொண்டு, “வாங்க அக்கா, தேடுவோம்” என்றாள். நம் ஆட்கள் வயல் கூலிக்குப் போகும் பெல் கிளேட் பக்கம் பீன்ஸ் பறிக்கிறவர்களிடம் விசாரித்து விசாரித்து, ஆட்களை ஏற்றும் லாரிக்குப் பக்கத்தில் அவரைக் கண்டுபிடித்தோம். அவர் ஓடவில்லை. மனைவியோடு படகில் வந்தவராம், படகு கவிழ்ந்துவிட்டதாம், நமக்கு இத்தனை நாள் தெரியாது. “ஒன்பது பேர் செத்தாங்கன்னு ரேடியோவுல சொன்னான். பத்துப் பேர். என் பெண்சாதியை விட்டுட்டான். போய்ச் சொன்னா என்னைப் பிடிச்சுத் திருப்பி அனுப்புவாங்கன்னு வாயை மூடிக்கிட்டேன். நீ எழுதுற கணக்குல அவளைச் சேர்ப்பியா?” என்று யோலெத்தைக் கேட்டார். அவள், “முடியாது அண்ணே. ஏப்ரல்ல அந்த வீட்டுல இருந்தவங்களை மட்டும்தான் சேர்க்க முடியும்” என்றாள். நான் அவள் கையைக் கிள்ளினேன், சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? எலிஃபெத் கீழே கிடந்த பையை எடுத்துக்கொண்டார். “சரின்னு சொல்லியிருந்தா உன்னை நம்பியிருக்க மாட்டேன்” என்று அவளிடம் சொல்லிவிட்டு எங்கள் காரில் ஏறினார்.

வீட்டில் பீன்ஸ் சோறு போட்டேன். அவருக்கு என்ன மாற்றுப்பெயர் எழுதட்டும் என்று யோலெத் கேட்டாள். “இப்ப இருக்கிறதே மாத்துப்பெயர்தான்” என்றார், வேலைக்காகச் சொந்தக்கார அண்ணன் பெயரை வைத்திருக்கிறாராம். “எழுதுறத எழுதிக்க, கேட்டு மட்டும் வச்சுக்க” என்று முதலில் தன் சொந்தப் பெயரைச் சொன்னார், பிறகு மனைவியின் பெயரை. யோலெத் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். நாங்கள் இருவரும் அந்தப் பெயரை ஒருமுறை திருப்பிச் சொன்னோம். அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

கடிதம் யார் யார் கையில் போகுமோ, அதனால் அந்தப் பெயர்களை இங்கே எழுதவில்லை. நவம்பரில் இறந்தவர்களுக்கான பூசையில் பத்தாவது ஆளின் பெயரைப் பாதிரியார் வாசிப்பார், உன்னால் முடிந்தால் அன்றைக்கு வந்து எங்களோடு நில். மாதா உன் வண்டிக்கு முன்னால் நடக்கட்டும். டயரைக் குளிருக்கு மாற்ற மறக்காதே.

உன் அம்மா,
அனேலி