ஊர் பார்க்க வாங்கிய வரி

12.10.1997
தரைப்பாலத்தருகே அளவுக்கல் நட வீட்டுக்கு ஐம்பது ரூபாய் வரி; வசூல் என் பொறுப்பு. தூண்டில் போடுகிறவர்கள், ஆட்டுக்கிடைக்காரர்கள், என் தீப்பெட்டி ஆபீஸ் – ஆற்றில் இறங்குகிற எல்லோரும் தருகிறார்கள். எத்தனை அடித் தண்ணீர் என்று தெரிந்திருந்தால் என் மச்சான் சீனி போன மழையில் கெண்டைக்கு இறங்கிச் செத்திருப்பானா?

19.10
மணல் லாரி சோலைராஜ் வரியோடு வந்தான். சீனி முங்கியது இவன் தோண்டிய குழியில்தான். ரூபாயைச் சுருட்டி மூஞ்சியில் எறிந்தேன்.
“வரி வாங்கலைன்னா நான் இந்த ஊர்க்காரன் இல்லையா அண்ணாச்சி?”
இல்லை என்றேன். ஊரே பார்த்தது.

2.11
கல் நட்டாயிற்று. அடிக்கு ஒரு சிவப்புக் கோடு.

4.11
லாரியைப் பின்னால் விட்டுக் கல்லை இடித்துத் தள்ளிவிட்டான், படுபாவி.

5.11
வெட்டிவிட்டேன். கழுத்துக்குத்தான் ஓங்கினேன். கையைக் குறுக்கே கொடுத்தான் – வலது கை, மூன்று விரல். மண்ணில் கிடந்தன. எனக்கு வருத்தமே வரவில்லை. ஏன் வரவில்லை?
என் மனைவி உமாதேவி என் சட்டையை வாங்கி அடுப்பில் போட்டாள். “ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாவ? நீங்க உள்ள போயிட்டா எம் பிள்ளைக தெருவுலயா நிக்கும்?”

9.11
போலீஸ் வரவில்லை. மோட்டார் பெல்ட்டில் கை மாட்டியதாக ஆஸ்பத்திரியில் சொன்னானாம்.
அவன் மனைவி இசக்கியம்மாள் வந்தாள். “அவிய கேசு குடுக்கலை. ஆனா எங்க வரிய வாங்கிக்கிடணும். ஊர் பார்க்க வாங்கணும்.”
அதற்கு ஜெயிலுக்கே போவேன் என்று கத்தினேன்.

13.11
மழை. கிடைக்கார மாயகிருஷ்ணன் முழங்கால் தண்ணீர்தான் என்று நினைத்து ஆட்டோடு இறங்கிவிட்டார். செத்த ஆடுகள் கருவேல முள்ளில் தொங்குகின்றன. அவரைக் காணோம். கல் நின்றிருந்தால்... அவன் இடித்தான். இடிக்க வைத்தது யார்? இப்போது யாரை வெட்டுவது, என்னையா?

16.11
மாயகிருஷ்ணனை எரித்தோம்.
சோலைராஜ் வீட்டுக்கு ஆள் அனுப்பினேன். கோயில் வாசலில், ஊர் பார்க்க, வரியை வாங்கினேன். வலது கையில் கட்டு. இடது கையால்தான் கொடுக்க முடிந்தது.

6.12
புதுக்கல் நட்டோம். அக்கரையோரம், பாறையில்.

12.12
விடிய விடிய மழை. தரைப்பாலம் தாண்ட நிற்கிறோம், வேன் நிறைய ஆபீஸ் பெண்கள். தண்ணீர் கலங்கி ஓடுகிறது, இங்கிருந்து கோடு தெரியவில்லை. இரைச்சலில் கூப்பிட்டாலும் கேட்காது. அக்கரையில் சோலைராஜ் லாரியை நிறுத்தி இறங்கினான். கல்லருகே போய்க் குனிந்து பார்த்தான். எங்களைப் பார்த்து இடது கையைத் தூக்கினான், ஐந்து விரல். பிறகு வலது கையைத் தூக்கினான். அதில் மிச்சமிருந்தது இரண்டு.
ஏழடி. வேனைத் திருப்பச் சொன்னேன்.