துண்டுக்கு அடியில் விரல்கள்

காலையில் என் ஆணிக்கடைக்கு வந்த தச்சர் உப்புத்தாள் கேட்டார். கட்டைப் பிரித்ததும் பசை வாசனை எழுந்தது, கூடவே நீயும். முரடு கேட்டவருக்கு நைஸை எடுத்துக் கொடுத்தேன். கண்ணு தெரியலையா என்றார். கண் நன்றாகத்தான் தெரிந்தது. புத்திதான் உன்னிடம் போயிருந்தது. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது.

பக்கவாதம் வந்து நீ ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது ஊரே உன்னை அதிர்ஷ்டக்காரன் என்றது. வலது கையைத் தூக்கினாய், மடக்கினாய், வாளிகூடத் தூக்கினாய். அந்தக் கைக்குத் தொட்டது எதுவும் தெரியவில்லை என்பதை மட்டும் யாரும் நோய்க் கணக்கில் சேர்க்கவில்லை. மாட்டுத் தரகனுக்கு அதுதானே பிழைப்பு? சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேசுவது; எத்தனை விரல் என்பதுதான் விலை. மாடு வாங்க வந்த கூரம் ஊர்க்காரர் மூன்று விரல் பிடித்ததை நீ நான்கு என்று முடித்துவிட, ஒரு நாளும் வாங்காத பேரை வாங்கினாய்: திருட்டுத் தரகன்.

மற்ற தரகர்கள் இரக்கப்பட்டு, உனக்கு மட்டும் காதில் விலை சொல்கிறோம் என்றார்கள். "பிச்ச போடுறீங்களா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாய்.

என் மகள் சுமதி அப்போதுதான் அந்த ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து மரத்த கைகளைப் பற்றிய ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சிக் கட்டுரையை அச்செடுத்து வந்தாள். பத்தாவது பாஸான நானும் பெற்ற கடமைக்குப் புரட்டினேன். பக்க எண்கள் நன்றாகப் புரிந்தன. மீதியை அவள் சொன்னாள்: கையைப் பார்க்காமல் பொருளைத் தடவி இன்னதென்று சொல்ல வேண்டும். பார்த்துச் சரிசெய்ய வேண்டும். நல்ல கையால் தடவி ஒப்பிட்டுவிட்டு மறுபடி மரத்த கைக்கு வர வேண்டும். பழக்கினால் சிலருக்கு உணர்வு தேறுகிறதாம், எல்லாருக்கும் இல்லையாம்.

அவளுடைய மேலதிகாரி காகிதத்தைத் தொடவே இல்லை. கை அசைகிறது, நம் வேலை முடிந்தது, உணர்ச்சி வந்தால் தானாக வரும், இது வெளிநாட்டு விஷயம் என்றார். அவளோடு போயிருந்த நீ நாற்காலியை விட்டு எழவில்லை.

"ஏன் சார், அவங்களுக்கும் கைல அஞ்சு வெரலுதான இருக்குது?"

வார்டில் இதெல்லாம் வேண்டாம் என்று முடித்துவிட்டார். அதனால் என் வீட்டுக் கூடம் வார்டானது. உப்புத்தாள், ஸ்பாஞ்சு, கோணி, பட்டு வெட்டுத்துணி எல்லாம் நான் சேர்த்துக் கொடுத்தேன். உன் துண்டையே சுமதி உன் கைமேல் போட்டாள். உனக்குத் தைரியம் வரட்டுமென்று நானும் கண்ணை மூடித் தடவி, பாலியஸ்டரைப் பட்டு என்றேன். "காஞ்சிவரத்துல பொறந்துட்டு இத வெளிய சொல்லாதபா" என்றாய்.

பல வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. என்னைத் திட்டினாய், கட்டுரை எழுதியவனைத் திட்டினாய், ஆனால் சாயங்காலமானால் வந்து நின்றாய். முதலில் முரடும் வழவழப்பும் பிரிந்தன. பிறகு என் விரல்கள், ஒவ்வொன்றாக. உன் சுண்டு விரலுக்கு மட்டும் உணர்வு கடைசிவரை வரவில்லை.

மறுபடி சந்தைக்குப் போன அன்று, வாங்க வந்தவர் துண்டுக்குள் பிடித்ததும் நீ யோசித்தாய். "அழுத்திப் புடி நைனா, இன்னொரு தபா." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீ அவசரப்படவில்லை. பிறகு தலையசைத்தாய். மாடு கைமாறியது, யாரும் தகராறு செய்யவில்லை. "சுமதியாண்ட சொல்லுபா" என்றாய். "அந்த ஆளாண்டயும் சொல்லச் சொல்லு."

சொன்னாள். ஒரு நோயாளியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்றாராம் மேலதிகாரி. அது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு, அடுத்த நோயாளியின் கையைப் பிடித்தாளாம் என் மகள்.

போன மாதம் எதிர்வீட்டு அம்மாவுக்குப் பக்கவாதம். வேறொரு ஆஸ்பத்திரி. கை நன்றாக அசைகிறது, வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார்கள். துணைக்குப் போன நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"தொட்டா தெரியுதான்னு பாத்தீங்களா?"

நீங்கள் டாக்டரா என்று கேட்டார்கள். ஆணி விற்கிறவன் என்றேன். அவசியமில்லை என்றார்கள். அந்த அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் தொட்டுப் பார்க்காமல் நான் எழுந்திருப்பதாக இல்லை.

பார்த்தார்கள்.