நூலை விட்டு விலகாத நட்சத்திரம்

கொல்லம் ஆண்டு 1109 மாசி, அமாவாசைக்கு மறுநாள், ராத்திரி.

இல்லை, நான் தூங்கவில்லை. கண்ணைக்கூட எடுக்கவில்லை. நேற்று ஒரு மணி நேரம் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைப் படம் பிடித்தோம். தொலைநோக்கியின் முதுகில் காமிராவைக் கட்டியிருந்தோம். குழாய்க்குள் இரண்டு சிலந்தி நூல்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு நட்சத்திரத்தை நிறுத்தி, அது நகர நகரத் தொலைநோக்கியும் கூடவே நகரும்படி திருகைத் திருப்புவது என் வேலை. கடைசிவரை அது நூலை விட்டு விலகவில்லை.

இன்று காலையில் கண்ணாடித் தகட்டைக் கழுவினால், ஒவ்வொரு நட்சத்திரமும் புள்ளியாக விழாமல் அரிசிபோல நீண்டு கிடக்கிறது.

“ஒறங்கிட்டியா மக்கா?” என்றான் காசிம். தொலைநோக்கியும் அவனுடையது, கோட்டாற்றில் நாங்கள் ஏறுகிற மொட்டை மாடியும் அவனுடையது.

“இல்லலே. நூலு மேலதான் நின்னுது.”

“காலேஜையே பாதியில விட்டவன், நட்சத்திரத்த விடமாட்டியாக்கும்!”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அந்தக் குழாயில் ஒரு கண்ணுக்குத்தான் இடம். சாட்சிக்கு யாரைக் கூப்பிட? காமிராக் கட்டு தளர்ந்து மெல்லச் சரிந்திருக்கும் என்றேன். அசைத்துப் பார்த்தான். ஆணி அடித்ததுபோல் இருந்தது.

இப்போது மாடியில் அவனே திருகுகிறான். காமிராவைத் திறந்து மூடுவது மட்டும் எனக்கு. நடுவில் கீழே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று படம் புள்ளி புள்ளியாக விழுந்தால், நேற்று தூங்கியது நான்தான் என்று ஆகிவிடும். இதுவும் இழுபட்டுப் போகட்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அவன் எத்தனை நாளாக ஆசைப்படுகிற படம்.

“லேய், மணி ஆச்சு, மூட வாலே!”

போக வேண்டும்.