மஞ்சள் வச்ச சர்டிபிகேட்டு

அன்பு மக தாரணிக்கு பீன்யாவுல இருந்து அம்மா சொல்லி எழுதறது. நானும் உங்கப்பாவும் இங்க சொகமா இருக்கோம், நீ சொகமான்னு கேக்கலாம்னா ஒரு வாரமா போன எடுக்க மாட்டேங்குற, அதனால சொகம்னே வச்சுக்கினு மேல சொல்றேன். நான் சொல்லச் சொல்ல நம்ம பக்கத்து வீட்டு கிளாரன்ஸ் அண்ணன் எழுதறாரு. எடையில எடையில எதையோ திருத்தறாரு, திருத்தாதீங்கண்ணே, நான் திட்டறது திட்டற மாதிரியே போகட்டும்னு சொல்லியிருக்கேன்.

உன்ன யாரும்மா அதத் தொடச் சொன்னதுன்னு கத்திட்டு வச்சுட்டியே, நான் தெரிஞ்சா செஞ்சேன். இங்க ஒரு வருசம் பிரைவேட் காலேஜுல படிச்ச, அப்புறம் செயற்கைக் கால் செய்யறதுக்குன்னே தனியா ஒரு படிப்பு ஒடிசாவுல இருக்கு, பீஸும் இங்க கட்டறதுல மூணுல ஒரு பங்குதான்னு ஒத்தக் கால்ல நின்ன. நாங்க மறுத்தோமா. யுனிவர்சிட்டி மாறணும்னா மைக்ரேசன் சர்டிபிகேட்டுன்னு ஒண்ணு வேணும், வந்ததும் அனுப்புன்னு சொல்லிட்டு ரயிலேறிட்ட. அது வந்துச்சு. நல்ல காரியத்துக்குப் போற காகிதமாச்சேன்னு மஞ்சளக் கொழச்சு நாலு மூலையிலயும் வச்சு, ஒரு நாள் சாமி முன்னாடி வச்சுட்டு அனுப்புனேன். நம்ம வீட்டுல எந்தக் காகிதம் அப்படிப் போகல. உங்க பாலகுமார் மாமா நெலம் வாங்கினப்போ பத்திரத்துக்கு மஞ்சள் வச்சுத்தான் பொட்டியில வச்சாரு, அவரு கெணத்துல நாப்பது அடியில தண்ணி வந்துச்சு, பக்கத்து நெலத்துக்காரனுக்கு எரநூறு அடியிலயும் ஈரம்கூட இல்ல, அவன் மச்சான் வேற நீரோட்டம் பாக்கறவன்னு சொல்லிக்கினு உள்ளங்கையில தேங்காய வச்சுக்கினு நெலமெல்லாம் சுத்துனான், அது கெடக்கட்டும். கீழ் மூலையிலதான் சீலும் நம்பரும் இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும், நான் எழுத்துப் படிச்சவளா. நம்பரே தெரியல, வேற கொண்டான்னு உங்க ஆபீசுல தள்ளிட்டாங்க, இருபத்தெட்டாம் தேதிக்குள்ள குடுக்கலைன்னா சீட்டு இல்ல, இங்க பழைய காலேஜும் இனி சேத்துக்காது. எல்லாம் எனக்கும் தெரியும்டி. தெரிஞ்சுதான் நீ திருப்பி அனுப்பிச்ச காகிதம் கைக்கு வந்ததுல இருந்து கார்மெண்ட்ஸுக்கு லீவு போட்டுட்டு நாலு நாளு அலஞ்சேன்.

மொத நாள் யுனிவர்சிட்டி கவுண்டர்ல இருந்தவரு தலையத் தூக்காமலே கன்னடத்துல நாளே பன்னின்னாரு. மறுநாளும் நாளே பன்னிதான். நாளைக்கு வான்னு சொல்றதுக்கு ஒரு ஆளு, அவரு தலைக்கு மேல சுத்தறதுக்கு ஒரு பேனு. வரிசையில நின்ன ஒருத்தன், தொலஞ்சு போச்சுன்னு போலீஸ் ஸ்டேசன்ல எழுதிக் குடுத்து ரசீது வாங்கிட்டு வாம்மா, அப்பதான் டூப்ளிகேட் தருவாங்கன்னு யோசன சொன்னான். சரின்னு மூணாம் நாள் உங்கப்பாவையும் இழுத்துக்கினு கெளம்பினேன். பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் காசு இல்லதான், ஆனா அந்தக் கண்டக்டரு ஆதார் கார்ட வாங்கிப் பாத்துட்டு இது நீதானாங்கறான், பன்னெண்டு வருசத்துக்கு முன்ன புடிச்ச போட்டோவுல நான் வேற எப்படி இருப்பேன். ஸ்டேசன்ல இருந்த ஏட்டு நம்ம பாசையிலயே நல்லாத்தான் பேசினாரு. என்ன தொலஞ்சதுன்னாரு, பொண்ணோட சர்டிபிகேட்டுன்னேன். அது எப்படி இருக்கும், என்ன நம்பருன்னாரு. நான் பையில இருந்து எடுத்து, இதுதாங்க சார் தொலஞ்சதுன்னு அவரு கையிலயே குடுத்துட்டேன். அவரு காகிதத்தப் பாத்தாரு, என்னப் பாத்தாரு, அப்புறம் உள்ள இருந்தவங்களையும் கூப்பிட்டுக் காமிச்சாரு. உங்கப்பா மெதுவா வெளிய போயி வேப்பமரத்துக்கிட்ட நின்னுக்கினாரு, எனக்கும் அந்தம்மாவுக்கும் சம்பந்தமே இல்லைங்கற மாதிரி. இருவத்தி ரெண்டு வருசம் குடித்தனம் பண்ணின மனுசன்.

அந்த ஏட்டுதான் சொன்னாரு, கையில இருக்கறதப் போயி தொலச்சேன்னு எழுதாதம்மா, கெட்டுப் போச்சுன்னு சொல்லி இதையே குடுத்துட்டு வேற கேளுன்னு. நேத்து போயி கவுண்டர்காரர விட்டுட்டு நேரா உள்ள நொழஞ்சுட்டேன். மமதான்னு ஒரு மேடம். எனக்குத் தெரிஞ்ச கன்னடத்துல எல்லாத்தையும் சொன்னேன், பாலகுமார் மாமா கெணறு வரைக்கும். அவங்களே பாரத்த நெரப்பினாங்க, எனக்கு எழுதத் தெரிஞ்சது என் பேரு ஒண்ணுதான், அதப் போட்டேன். நாலு மணிக்கெல்லாம் புதுசு கைக்கு வந்துருச்சு. கெட்டுப் போனா மாத்திக் குடுப்பாங்கன்னு படிச்ச நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்டி, கத்தறதுக்கு மட்டும் வாய் நல்லா வருது.

சர்டிபிகேட்டு இந்தக் கவருலயே இருக்கு. சாமிகிட்ட இந்தத் தடவ வாயாலதான் சொன்னேன். மூணு நாள்ல வந்துரும்னு கூரியர்காரன் சொல்றான், வந்த அன்னிக்கே கொண்டுபோயிக் குடு, குடுத்ததுக்கு கையெழுத்து வாங்காம நகராத. மெஸ்ஸுல கடுகெண்ண வாசனன்னு பட்டினி கெடக்காத, முட்டையாச்சும் வாங்கித் தின்னு. நோய் நொடி அண்டாம, எடுத்த படிப்ப முடிச்சு, நாலு பேர எழுந்து நடக்க வைக்கணும்னு நானும் அப்பாவும் மனசார சொல்றோம். அப்படியும் அவங்க சீட்டு இல்லன்னுட்டா ரூமுல உக்காந்து அழாத, எனக்குச் சொல்லு, நான் ரயிலேறி வந்துடறேன். அந்த ஊரு பாசை தெரியாட்டி என்ன, கவுண்டர்ல நிக்காம உள்ள போகணும்னு இப்ப எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் மேல கோவம் இன்னும் தீராத அம்மா,
காந்தா முனியப்பன்