வியாழக்கிழமைச் சாமியார்

9 ஜனவரி 2025, வியாழன்

இந்தச் சுவிஸ் ஹோட்டலின் வெந்நீர்க் குளத்தடியில் வியாழன் தோறும் இரவு ஹார்ப் வாசிக்கிறவளுக்குக் காய்ச்சல். பாத்திரம் கழுவும்போது நான் தேவாரம் முணுமுணுப்பதை ஹோட்டல் மனேச்சர் எப்போதோ கேட்டிருக்கிறார். என்னைப் பாடச் சொன்னார். வேட்டி கட்டி, நெற்றியில் மூன்று கோடும் போட வேண்டுமாம். சுற்றிவரப் பனி. தண்ணீருக்குள் நீச்சலுடுப்போடு முப்பது பேர், கையில் வைன். பாடினேன். கை தட்டினார்கள். எனக்குப் பிடித்திருந்தது, அதை எழுதத்தான் கூச்சமாக இருக்கிறது.

நெற்றியில் இட்டது கோதுமை மாவு. இங்கத்தைத் திரிம்பாக் தமிழ்க் கோயில் திருநீறு என் பெட்டிக்குள் இருக்கிறது. இந்தக் கூத்துக்கு அதைத் தொட மனம் வரவில்லை.

16 ஜனவரி

லிஃப்டுக்குள் விளம்பரம் ஒட்டியிருக்கிறார்கள்: 'இந்தியத் துறவி பாடுகிறார்'. நான் யாழ்ப்பாணத்தான். மனுசியும் இரண்டு பிள்ளைகளும் உள்ள துறவி! அன்றிரவும் போய்ப் பாடினேன்.

முடிந்ததும் ஃப்ராவ் கெல்லர் என்ற அம்மா தண்ணீரை விட்டேறி வந்தார். கணவரோடு இரண்டு கிழமை தங்க வந்தவர். கணவருக்கு இருதயத்தில் ஆபரேஷன் நடக்கப் போகிறதாம், தனக்கும் பூசிவிடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பூசினேன். ஈர நெற்றியில் மாவு பசையாக ஒட்டியது.

19 ஜனவரி

மனுசி செல்வராணி போனில் என்ன விசேஷம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

23 ஜனவரி

இன்றும் பாடினேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், கணவருக்கும் கொஞ்சம் வேண்டும் என்று ஃப்ராவ் கெல்லர், நாளுக்கொரு குழியுள்ள மாத்திரைப் பெட்டியைத் திறந்து நீட்டினார். வெள்ளிக்கிழமைக் குழி வெறுமையாக இருந்தது. மாவை அதற்குள் போட்டேன்.

சீ, நீயும் ஒரு மனுசனோ? அந்தாளின்ர நெஞ்சைப் பிளக்கப் போறாங்கள், நீ ரொட்டி மாவைக் குடுத்து விட்டிருக்கிறாய். வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொல்லேலாதோ?

24 ஜனவரி

நித்திரையே இல்லை. காலைச் சாப்பாட்டு நேரம் ஏப்ரனோடேயே மண்டபத்துக்குப் போனேன். என் அரைகுறை ஜெர்மனில் எல்லாம் சொன்னேன்: நான் பாத்திரம் கழுவுகிறவன், அது மாவு, பொய் வேஷத்துக்கு உண்மைத் திருநீற்றை எடுக்க மனம் வரவில்லை. கோயில் திருநீற்றுப் பொட்டலத்தை நீட்டினேன்.

ஃப்ராவ் கெல்லர் அதை வாங்கவில்லை.

"நீங்கள் வேஷம் போட்டிருக்கலாம். நான் உண்மையாத்தானே வந்து நிண்டனான்?"

கணவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பொட்டலத்தை ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டு குசினிக்குத் திரும்பினேன்.

30 ஜனவரி

ஆபரேஷன் எப்படிப் போனதென்று ஆரிடமும் கேட்க எனக்கு முகமில்லை.

இனிப் பாடமாட்டேன், நான் சாமியார் இல்லை என்று மனேச்சரிடம் சொன்னேன். அது தனக்குத் தெரியும்தானே என்று சிரித்தார். விளம்பரம் அப்படியே இருக்கிறது. மரக்கறி வெட்டுகிற தவராஜா இன்றைக்குப் பாடுகிறான். அவனுக்குத் தேவாரத்தில் ஒரு வரியும் வராது.

"அவங்களுக்கு என்னண்ணை விளங்கப் போகுது?" என்றான்.

வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து, நெற்றிக்கு என்ன பூசினீர்கள் என்று கேட்டான்.  மாவு வாளியைக் காட்டினேன்.