சும்மா இருக்கத் தெரியாத கை

விருத்தாசலம்,
9.8.1994

பேத்தி மகேஸ்வரிக்கு அப்பாயி வீராயி எழுதுவது.

ஊர் வந்து சேர்ந்தேன். நீ பாடம் எடுக்கிற காலேஜ் லேபில் ராஜாம்பாள் என்ற பெண் தன் கையில் கம்பி வைத்த வில்லையை ஒட்டி விரலை மடக்கினதும், சதை இழுப்பதைக் காட்டுகிற மெஷினின் பேனா துள்ளித் துள்ளிக் கோடு போட்டதே! "இது நானா மேடம்?" என்று வாயைப் பிளந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் கையிலும் ஒட்டி, "சும்மா வச்சிரு அப்பாயி" என்றாய். வைத்தேன். சும்மா இருக்கிற கைக்குப் படுக்க வேண்டிய கோடு படுக்கவே இல்லை. முப்பது வருசமாகப் பீங்கான் கப்புக்குக் கைப்பிடி ஒட்டுகிற கட்டைவிரல், தானே அழுத்திக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அப்போது உனக்கு மேலே இருக்கிற உங்கள் பெரிய டாக்டர் வந்து, "யாரு இவங்க?" என்றார். "கூட்டுற அம்மா சார்" என்றாய். பிள்ளைகள் தலை குனிந்துகொண்டார்கள்.

கூட்டுவது கேவலம் இல்லை. ஆனால் நான் உன் அப்பாயி.

வீராயி

---

14.8.1994

அன்புள்ள அப்பாயி,

தப்புதான். லேபுக்குள் வெளியாட்களை விடக்கூடாது. என் வேலையும் நிரந்தரமில்லை. பயத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் கையில் ஒட்டுவதே அவருக்குப் பிடிக்கவில்லை. 'இனித் தவளையை வைத்து மட்டுமே பாடம் நடத்துவேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். போட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.

மகேசு

---

விருத்தாசலம்,
18.8.1994

மகேசு,

போடாதே. என்னை மறைத்தாய், போகட்டும். அந்தப் பிள்ளைகள் கையையும் மறைக்கப் போகிறாயா? செத்த தவளை என்றைக்காவது "இது நானா?" என்று கேட்டதா? நான் அஞ்சாவதோடு நின்றவள். என் உடம்பை வைத்து எனக்கே பாடம் சொன்னவள் நீ ஒருத்திதான்.

வேலை போனால் வா. நம் வூட்டில் சோறு இருக்குது.

அடுத்த வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வருகிறேன். யார் என்று எவன் கேட்டாலும் உரக்கச் சொல்வேன்.

வீராயி

---

22.8.1994

அப்பாயி,

கையெழுத்துப் போடவில்லை. "அன்னைக்கு வந்தது என் அப்பாயி சார், பொய் சொன்னது நான்" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். என்னைப் பற்றி மேலிடத்துக்கு எழுதிப் போடப் போகிறாராம். போடட்டும். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வகுப்பு உண்டு. நாற்பது பிள்ளைகளும் வருகிறார்கள். அன்று மெஷின் உன் கைக்குப் போட்ட கோட்டுத்தாளை உன் பெயர் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

காலேஜ் கேட்டில் நீ எதுவும் சொல்ல வேண்டாம். நான் அங்கேயே நிற்பேன். நானே சொல்கிறேன்.

உன் பேத்தி
மகேஸ்வரி